சம்சுதீன் எழுதாத பதில்

அத்தியாயம் 17

போன வாரம் சம்சுதீன் வீட்டில் பிரியாணி மணந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரே ஒரு கடிதம் அந்த வீட்டைப் பெருநாள் வீடாக்கிவிட்டது. ‘சூப்பர்வைசர்களுக்கான ஆன்லைன் தலைமைப் பயிற்சியில் நம் நாற்பது கிளைகளிலும் மிகச் சிறந்த பதிலை எழுதியவர் திரு. எஸ். சம்சுதீன். வரும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஊழியர்கள் முன்னிலையில் அதை அவரே வாசிப்பார்.’ அந்தக் கடிதத்தை அவர் மனைவி ஜெய்த்தூன் பீவி கொண்டுபோய்க் காட்டாத வீடு உத்தமபாளையத்தில் பாக்கியில்லை.

எல்லாம் சரிதான். அந்தப் பதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவராவது கேட்டார்களா? கேட்கவில்லை. பரிசு என்று வந்துவிட்டால் அப்புறம் யார் கேட்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத்தான் மருமகள் யாஸ்மின் அதைப் படித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அனுமந்தன்பட்டி ரோட்டில் இருக்கிற கோல்ட் ஸ்டோரேஜ் அது. சுற்றுவட்டாரத் திராட்சையெல்லாம் அங்கேதான் வந்து குளிரில் தூங்கும். சம்சுதீன் அங்கே இருபத்தைந்து வருடமாக இருக்கிறார். இப்போது கம்ப்ரசர் ரூமுக்கு ஷிப்ட் இன்சார்ஜ். போன வருடம் கோயம்புத்தூர் கம்பெனி இதை வாங்கியது. வாங்கின கையோடு ஒன்பது சூப்பர்வைசர்களுக்கும் ஆன்லைன் பயிற்சி என்று உத்தரவு போட்டது. ஒன்பது பாடம். முதல் எட்டும் வீடியோ பார்த்துக் கேள்விக்கு டிக் அடிப்பது. ஒன்பதாவதில் சொந்தமாக எழுத வேண்டும். பயிற்சியை முடிக்காதவருக்கு இன்சார்ஜ் பொறுப்பு கிடையாது.

இதையெல்லாம் கவனித்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஒருங்கிணைப்பாளரை வேலைக்கு எடுத்தார்கள். அதுதான் யாஸ்மின். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ‘ஒன்பது பேரும் தாமே படித்து முடித்தார்கள் என்று உறுதி கூறுகிறேன்’ என்ற பாரத்தில் இன்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிரந்தரமாகிவிடும்.

மாமாவின் பதிலைச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கலாமே என்று பிரிண்ட் எடுத்தாள். கேள்வி மேலே இருந்தது: ‘பணியில் நீங்கள் செய்த ஒரு தவறு என்ன? அதை யாரிடம் சொன்னீர்கள்?’

கீழே பதில்.

‘2003-ல் ஒரு நாள் அமோனியா டேங்கின் அடியில் தங்கிய எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து போன் வந்தது. மகளுக்குப் பிரசவ வலி. வால்வைச் சரியாக அடைக்காமல் ஓடிவிட்டேன். அடுத்த ஷிப்டுக்கு வந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேஸ் கசிந்தபோது அவர்தான் உள்ளே ஓடிப்போய் அடைத்தார். அவருக்கு ஒரு கண் போய்விட்டது. விசாரணையில் நான் அடைத்துவிட்டுத்தான் போனேன் என்று சொன்னேன். பழி அவர்மேல் விழுந்தது. வேலையும் போய்விட்டது. யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்கிறீர்கள். சொல்ல வேண்டிய யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.’

பெயர் எழுதவில்லைதான். ஆனால் பேச்சிமுத்துவின் கண் எப்படிப் போனது என்று அந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியாது? குடித்துவிட்டு வால்வைத் திறந்து வைத்தார் என்றுதான் இத்தனை வருடமாகப் பேச்சு. யாஸ்மின் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் நடந்தது. அவளும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தாள்.

மாமாவா? தொழுகையில் ஒரு வக்து தவறாத மாமாவா? மாமா இப்படி எழுதக்கூடியவர் இல்லையே என்று ஒரு பக்கம் தோன்றியது. எழுதியிருந்தால் பிரியாணி சாப்பிட்டு ஏப்பம் விட்டிருப்பாரா?

கம்ப்யூட்டரில் யார் எந்தப் பாடத்தை எப்போது முடித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். அடக் கடவுளே என்றிருந்தது. அரை மணி நேர வீடியோவைச் சம்சுதீன் நாலு நிமிடத்தில் முடித்திருக்கிறார். அவர் முடித்த மறு நிமிடம் அம்மாவாசி ஆரம்பித்திருக்கிறார். அம்மாவாசி முடித்ததும் சண்முகராஜ். ஒன்பது பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே கம்ப்யூட்டரில், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராக.

அது யாருடைய கம்ப்யூட்டர் என்று யாஸ்மினுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற அவள் புருஷன் ரபீக்குடையது.

நம் பக்கத்தில் ஆன்லைன் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? ரயில் டிக்கெட்டோ, பிளஸ் டூ ரிசல்ட்டோ, பாஸ்போர்ட் விண்ணப்பமோ, விவரத்தைப் பிரவுசிங் சென்டரில் சொல்லிவிட்டு எதிர்க்கடையில் டீ குடிக்கப் போக வேண்டியது. திரும்பி வந்தால் வேலை முடிந்திருக்கும். படிப்பையும் நம் ஆட்கள் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ரபீக் கைக்குச் சேர்த்துவிட்டு ஒன்பது பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

கோல்ட் ஸ்டோரேஜில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரும் கரண்ட் கட்டில் பாதி நாள் செத்துக்கிடக்க, ‘அப்ப எங்க வீட்டுக்காரர் சென்டருக்குப் போய்ப் படிங்க’ என்று அனுப்பி வைத்த புண்ணியவதியும் யாஸ்மின்தான்.

“யாஸ்மினம்மா!”

வாசலில் ஒச்சம்மாள் நின்றாள். திராட்சைக் குலையில் அழுகல் பழத்தைக் கத்தரிக்கிற கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. பேச்சிமுத்துவின் சம்சாரம். யாஸ்மின் அவசரமாகத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“பாய்க்குப் பரிசாமே! நேத்தே சொன்னாக. எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? எங்க வீட்டுக்காரருக்கு வேலை போனப்ப எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. பழைய மொதலாளிகிட்டச் சொல்லி எனக்கு இங்கன வேலை வாங்கிக் குடுத்தது பாய்தான். வருசம் தவறாம நோம்புக் கஞ்சி வேற வந்துரும். மூணு மணிக்கு டீ நான்தான் குடுப்பேன்னு கேண்டீன்ல சொல்லி வச்சுட்டேன்.”

“சரிக்கா” என்றாள் யாஸ்மின்.

---

சான்றிதழை லேமினேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறி உத்தமபாளையம் வந்தாள். சென்டரில் நாலைந்து பேர் இருந்தார்கள். ரபீக் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

“என்ன யாஸ்மின், இந்நேரத்துக்கு?”

அவனைப் பின்பக்கம் ஜெராக்ஸ் மெஷின் இருந்த இடத்துக்கு இழுத்துப்போய்த் தாளை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“ஒன்பது பேருக்கும் நீங்கதான் படிச்சீகளா மச்சான்?”

“அத்தா ஒன்பது சீட்டையும் கொண்டாந்து குடுத்தாக. நீயே முடிச்சு விட்ருப்பா, எங்களுக்குக் கண்ணு தெரியலைன்னாக. நான் என்ன செய்ய?”

“என்கிட்டச் சொல்லலாம்ல? எல்லாரும் வந்து படிச்சிட்டுப் போறாகன்னு என்கிட்டயே புளுகுனீகளே!”

“சொன்னா நீ விட்ருக்க மாட்ட.”

“அது போகட்டும். இதை ஏன் எழுதுனீக? மத்த எட்டுப் பேருக்கும் என்ன எழுதுனீக?”

ரபீக் கழுத்தைத் தடவிக்கொண்டான். “அவகளுக்கெல்லாம் ஒரே கதைதான். ஒரு நாள் கோவத்துல தொழிலாளியத் திட்டிட்டேன், அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். ஆள் பேர மட்டும் மாத்தி மாத்திப் போட்டேன்.”

சிரிக்கிற நேரமாக இருந்தால் யாஸ்மின் சிரித்திருப்பாள்.

“அத்தா பேருக்கு வந்தப்ப அதே கதைய எழுத முடியல யாஸ்மின். அன்னைக்கு அத்தாவுக்குப் போன் பண்ணுனது நான்தான். சாதியாவுக்கு வலி வந்துருச்சு அத்தா, ஓடி வாங்கன்னு கத்துனேன். மறுநாள் எனக்கு முன்னால உக்காந்து அழுதாக. வால்வ அரைகொறையா விட்டுட்டேன்டா, பேச்சிமுத்து கண்ணு போச்சேடா, யார்ட்டயும் சொல்லிராதன்னாக. ஆறு வருசம். அனுமந்தன்பட்டி வழியா கம்பத்துக்குப் போறப்பல்லாம் பஸ்ல நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். யாராச்சும் ஒரு தடவ கேட்டாப் போதும்னு இருந்துச்சு. கடைசியில ஒரு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. அடிச்சுட்டேன்.”

“அனுப்பியும் விட்டீகளே!”

“இதையெல்லாம் எவன் உக்காந்து படிக்கப் போறான்னு நெனைச்சேன். எட்டுப் பாடத்துல ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. ஒன்பதாவதை மட்டும் படிப்பாகன்னு எனக்கெப்படித் தெரியும்?”

அவன் கண் கலங்கியிருந்தது. யாஸ்மினுக்கு அவனை அறையவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் அது இடமில்லை.

“மாமாவுக்குத் தெரியுமா, இதைத்தான் எழுதியிருக்கீகன்னு?”

“எப்படிச் சொல்ல? கடிதாசி வந்த அன்னைக்கே சொல்லணும்னு நெனைச்சேன். அம்மா பிரியாணிக்கு அரிசி ஊற வச்சுட்டாக.” சட்டென்று அவள் கையைப் பிடித்தான். “நீ எப்படியாச்சும் வாசிக்க விடாமப் பண்ணிரு. அந்தப் பாரத்துலயும் கையெழுத்துப் போட்ரு. இல்லன்னா ஒன்பது குடும்பம் தெருவுல நிக்கும்.”

“போட்டா நான் பொய்க்காரி.”

“போடலன்னா?”

கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். லேமினேஷன் செய்ய வேண்டிய சான்றிதழ் பையிலேயே கிடந்தது.

---

அவள் திரும்பி வந்தபோது ஞானதுரை வந்து உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார். தேனி பஜாரில் பாத்திரக்கடைக் குடும்பம், இப்போது கோயம்புத்தூரில் பயிற்சிப் பிரிவுக்கு மேனேஜர். ஐம்பது வயதிருக்கும். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் யாஸ்மினுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

“யாஸ்மின், உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லவா? இந்த ஆன்லைன் பயிற்சியே தண்டம்னு எங்க எம்.டி. நினைக்கிறார். நாற்பது கிளையில முந்நூறு பேர் முடிச்சிருக்காங்க. எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேல மார்க். ஆனா பிளாண்ட்டுல போய்ப் பார்த்தா ஒண்ணும் மாறல. பழைய மாதிரியேதான் மறைக்கிறாங்க, பழைய மாதிரியேதான் பழி போடறாங்க. முந்நூறு பதிலையும் நான் படிச்சேன். இருநூத்தி எழுபது பேர் கோபப்பட்டு மன்னிப்புக் கேட்டிருக்காங்க!”

அடப்பாவி ரபீக், ஊரெல்லாம் உன்னை மாதிரியே இருக்கிறான் போலிருக்கிறதே என்று நினைத்தாள் யாஸ்மின்.

“உங்க மாமனாரோடது ஒண்ணுதான் நிஜம். மூணு தடவ படிச்சேன். ஒரு மனுஷன் ஆறு வருஷம் கழிச்சு இதைச் சொல்றார்னா, பயிற்சி வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அதை எல்லாருக்கும் முன்னால அவர் வாயால சொல்லணும். கம்ப்யூட்டருக்குள்ளயே கிடந்தா என்ன பிரயோஜனம்?”

“சார், அதை வாசிக்காம விட்ரலாமா? சான்றிதழ மட்டும் குடுத்துரலாமே.”

“ஏன்?”

“இங்கன எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவக சார். தப்பாப் போயிரும்.”

“மாமனாரைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க, புரியுது. ஆனா சொல்ல முன்வந்தது அவர்தானே? அவர் வேண்டாம்னு சொல்லட்டும், விட்டுடறேன். அந்தப் பாரத்தை மட்டும் மறக்காம மூணு மணிக்குக் கொடுத்துடுங்க. அஞ்சு மணிக்குள்ள நான் மெயில் அனுப்பணும்.”

மாமா வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் மாமாவுக்குத் தெரிய வேண்டும். யாஸ்மின் தாளை நாலாக மடித்துக்கொண்டு கம்ப்ரசர் ரூம் பக்கம் ஓடினாள்.

சம்சுதீன் ஜும்ஆவுக்குக் கிளம்பி டி.வி.எஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். புது வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. மருமகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“என்னம்மா, பெரியாளு வந்துட்டாகளாமே? மைக்கு வச்சுருக்காகளா? எனக்கு மைக்குன்னா கை நடுங்கும் பாத்துக்க.”

“மாமா, எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. பாடம் படிச்சது நீங்க இல்ல.”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “தெரிஞ்சுருச்சா? ஏசாதம்மா. வயசான காலத்துல எனக்கு எதுக்கு வீடியோவும் பாடமும்? ஒன் புருசன் அழகா முடிச்சுட்டான். பரிசே வந்துருச்சுல்ல?”

“அவக எழுதுனதை நீங்க படிக்கலயே மாமா.”

“மேடையில படிச்சாப் போச்சு.”

“இல்ல மாமா. தொழுகைக்கு முன்னாடியோ பின்னாடியோ, எப்படியும் இதைப் படிச்சிருங்க. படிக்காம மட்டும் இங்கன திரும்பி வந்துராதீக.”

அவள் குரலில் என்னத்தைக் கண்டாரோ, சம்சுதீன் மறுபேச்சுப் பேசாமல் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். “கண்ணாடி வீட்டுல கெடக்கு. போயி எடுத்துக்கிறேன். அப்படி என்னத்த எழுதிருக்கான்?”

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை, வால்வு, பேச்சிமுத்து. நாக்கு நுனிவரை வந்தது. இருபது வயதில் தன் அத்தாவை இழந்தவள் யாஸ்மின். நாலு வருடமாக இந்த மனிதரைத்தான் தகப்பன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

“நீங்களே படிங்க மாமா.”

டி.வி.எஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது.

---

இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டியவர் இரண்டரைக்கும் வரவில்லை. இரண்டே முக்காலுக்கும் வரவில்லை. பேக்கிங் ஹாலில் நாற்காலி போட்டாகிவிட்டது. திராட்சைப் பெட்டிகளை ஒரு ஓரமாக அடுக்கிப் பெண்களெல்லாம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எட்டு சூப்பர்வைசர்களும் முன்வரிசையில். யாஸ்மின் கையில் பாரம். பேனாவைத் திறப்பாள், மூடுவாள்.

வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டி.வி.எஸ் சத்தம் கேட்டது. சம்சுதீன் வந்தார். அத்தர் வாசனை அப்படியே இருந்தது, முகம்தான் வேறு யாருடைய முகமோ மாதிரி இருந்தது. நேரே யாஸ்மினிடம் வந்தார்.

“கையெழுத்துப் போட்டுட்டியா?”

“இல்ல மாமா.”

“போடாத” என்றார். “ரபீக்குக்குப் போனப் போட்டு மெயின் கேட்டுக்கு வரச் சொல்லு.”

அவ்வளவுதான். போய் மேடையருகே உட்கார்ந்துவிட்டார்.

ஞானதுரை பேசினார். தலைமை என்றால் என்ன, தவறை ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று ஏதேதோ பேசினார். யாஸ்மின் காதில் எதுவும் ஏறவில்லை. ஒச்சம்மாள் டீத்தட்டோடு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தாள். சம்சுதீனிடம் வந்ததும் ஒரு டம்ளரை எடுத்து அவளே கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு எழுந்தார். கண்ணாடியை மாட்டினார். தாளைப் பிரித்தார்.

ஒரு எழுத்தை விடாமல் வாசித்தார். எண்ணெய் வடித்தது, போன் வந்தது, ஓடியது. ‘அவருக்கு ஒரு கண் போய்விட்டது’ என்ற இடத்தில் ஹாலில் கத்தரிக்கோல் ஒன்று கீழே விழுந்தது. முன்வரிசையில் அம்மாவாசி தலையைத் தூக்கினார்.

“...சொல்ல வேண்டிய யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.” தாளை மடித்தார். “இதுல ஒரு பேரு விட்டுப்போச்சு. பேச்சிமுத்து. அவன் குடிச்சிருக்கவும் இல்ல, தொறந்து வைக்கவும் இல்ல. தொறந்து போட்டுட்டுப் போனது நான். அடைச்சது அவன்.”

ஞானதுரை எழுந்து கை தட்டினார். பாவம், அவருக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. வேறு ஒரு கையும் சேரவில்லை, அவரும் நிறுத்திவிட்டார்.

ஒச்சம்மாள் தட்டைத் தரையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், ஒரு டம்ளர்கூடச் சாயவில்லை. நேராக நடந்து வந்து சம்சுதீனுக்கு முன்னால் நின்றாள்.

“ஆறு வருசமா நோம்புக் கஞ்சி குடுத்து விட்டீக பாய். அந்தத் தூக்குவாளியோட சேத்து இந்த ஒரு வார்த்தையையும் குடுத்து விட்டிருக்கலாம்ல?”

சம்சுதீன் கண்ணாடியைக் கழற்றினார்.

“குடிகாரன் பொண்டாட்டின்னு என்னையச் சொல்லாத வாயி இந்த ஊர்ல இல்ல. எம்மக கல்யாணம் ரெண்டு தடவ தட்டிப்போச்சு. அதையெல்லாம் பாத்துக்கிட்டேதான் இருந்தீக. கம்ப்யூட்டர்கிட்டப் போயிச் சொல்லத் தெரிஞ்ச ஒங்களுக்கு எங்க வீட்டுக்கு வழி தெரியலையா?”

“கம்ப்யூட்டர்கிட்டயும் நான் சொல்லலத்தா” என்றார் சம்சுதீன். “அதுக்கும் எனக்குத் தைரியம் இல்ல. எழுதுனது எம்மவன். இன்னைக்குப் பள்ளிவாசல்ல வச்சுத்தான் நானே இதைப் படிச்சேன். ஒரு பாடமும் நான் படிக்கல.”

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். ஞானதுரையின் தலை சட்டென்று யாஸ்மின் பக்கம் திரும்பியது. அவள் பாரத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்க” என்றாள் ஒச்சம்மாள். “இங்கன சொன்னது பத்தாது. அந்த மனுசன் இருக்க எடத்துக்கு வந்து சொல்லுங்க. இப்பவே.”

“வரேன். கேட்டுல நில்லு. ஒரு வேலை பாக்கி இருக்கு.”

அவர் கம்ப்ரசர் ரூமுக்குள் போனார். “அம்மாவாசி, இங்கன வா.”

அம்மாவாசி கொதித்துப்போய் வந்தார். “என்ன பாய், நல்லா இருக்கா? ஒங்க மனச்சாட்சிக்கு எங்க எட்டுப் பேரு பொழப்பையும் சேத்துல்ல போட்டு ஒடைக்கிறீக!”

“திட்டு. நாளைக்கு வந்து நல்லாத் திட்டு. இப்ப ஷிப்ட வாங்கிக்க. நான் வெளிய போறேன்.” சம்சுதீன் எண்ணெய் வடிக்கும் வால்வின் முன்னால் குனிந்தார். “இது அடைச்சிருக்கு. நான் சொல்றேன்னு நம்பாத. நீ கை வச்சுப் பாரு.”

அம்மாவாசி முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து வால்வைப் பிடித்து இறுக்கிப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். அதற்கடுத்ததையும். சம்சுதீன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கதவருகே மற்ற ஏழு பேரும் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை. நோட்டில் நேரத்தை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று முப்பத்தெட்டு.

கேட்டில் ரபீக் நின்றிருந்தான். தகப்பன் அவனை ஏறிட்டுப் பார்த்தார், திட்டவில்லை. தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார், நட என்பதுபோல. ஒச்சம்மாள் வண்டியில் ஏற மாட்டேன் என்று விடுவிடுவென்று முன்னால் போக, அவர் டி.வி.எஸ்ஸை உருட்டிக்கொண்டே பின்னால் போனார்.

“யாஸ்மின்” என்றார் ஞானதுரை. “பாரம்.”

கொடுத்தாள். கீழே கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

“ஒன்பது பேரும் படிக்கலையா?”

“இல்ல சார். பாஸ்வேர்ட வாங்கிக்கிட்டு எங்க வீட்டுக்காரர்தான் முடிச்சுருக்காக. நானும் கவனிக்காம விட்டுட்டேன்.”

“இதைச் சொன்னா உங்க வேலை?”

“தெரியும் சார்.”

அவர் பாரத்தைப் பார்த்தார். கம்ப்ரசர் ரூம் கதவில் இன்னும் கலையாமல் நின்ற ஆட்களைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். லேப்டாப்பைத் திறந்தவர், என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாலேகாலுக்கு யாஸ்மினின் செல்போன் அடித்தது. ரபீக்.

“யாஸ்மின்...” மூச்சு வாங்கியது அவனுக்கு. “பேச்சிமுத்து அண்ணன் கதவைத் தொறந்தாக. அத்தா வாசல்லயே நின்னு எல்லாத்தையும் சொன்னாக. கடைசி வரைக்கும் அண்ணன் ஒண்ணுமே பேசல. அப்புறம் அத்தா கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக.”

“நீங்க?”

“நானும் அந்தக்காவும் வெளியதான் நிக்கிறோம். உள்ள தாப்பாப் போட்டுட்டாக.” அவன் குரல் இறங்கியது. “பத்து நிமிசமாச்சு. ஒரு சத்தமும் கேக்கல யாஸ்மின்.”